நம்மவர் எழுதினாலும் நன்றாக எழுத வேண்டும்

(காரைக்கால் பகுதி வரிச்சிக்குடியில் நடைபெற்ற வாசகர் கூட்டத்தில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சமீபத்தில் படித்த புத்தகங்களைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் பேச வேண்டும் என்று இந்த ஊர்த் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் பத்தாவது வரை படித்தவன். இலக்கிய விமர்சகன் அல்ல. ஆனால் பஸ் பிரயாணத்திலும், கட்சி ஆபீஸ் பெஞ்சிலும், கூட்டம் தொடங்கத் தாமதமாகும் நேரங்களிலும் கையில் ஒரு புத்தகம் வைத்துக்கொள்வது என் பழக்கம். நம் கூட்டங்கள் எப்போது குறித்த நேரத்தில் தொடங்கியிருக்கின்றன? ஆகவே நிறையவே படித்துவிட்டேன். (சிரிப்பு.)

இங்கே வந்து உட்கார்ந்தவுடன் இளம் தோழர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "நம்ம ஆளு எழுதின புத்தகத்தை மேடையில் வைத்துக் குறை சொன்னால், அது எதிரிக்குச் சாதகமாகப் போய்விடாதா?" என்றார். நல்ல கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை உறுப்பினர் முன்னால் படிக்கிறோம். துண்டு விழுந்திருந்தால் அதையும் படிக்கிறோம். அதனால் சங்கம் பலம் பெறுகிறதே தவிர அழிந்துவிடவில்லை. புத்தகக் கணக்கும் அப்படித்தான். நம்முடைய புத்தகத்தில் உள்ள குறையையும், நம்மோடு சேராதவர் புத்தகத்தில் உள்ள நிறையையும் சொல்லத் தயங்குகிறவன் பேச்சை இரண்டாம் முறை யாரும் நம்பமாட்டார்கள்.

இன்று நான் நான்கு நாவல்களைப் பற்றிப் பேசப் போகிறேன். அவற்றில் மூன்று வெண்மணியைப் பற்றியவை. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். ஒரே சம்பவம், எழுதியவர்கள் மூன்று பேர். அப்படிப் படித்தால்தான் யார் எங்கே நின்று பார்த்தார்கள் என்பது தெரிகிறது.

நடந்தது என்ன?

இங்கிருந்து காலையில் புறப்பட்டால் நாகப்பட்டினம் வழியாக மத்தியானத்துக்குள் கீழவெண்மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். பக்கத்து ஊர் மாதிரிதான். 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு, அங்கே ராமய்யா என்ற தொழிலாளியின் குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அனைவரும் தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர். அவர்கள் செய்த குற்றம் அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டது. இன்னொரு குற்றமும் உண்டு. செங்கொடியை இறக்கு, மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர் என்று உத்தரவிட்டபோது முடியாது என்று சொன்னது.

நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் 1970ல் மிராசுதார்கள் சிலருக்குத் தண்டனை கொடுத்தது. 1973ல் ஹைகோர்ட் அவர்களை விடுதலை செய்தது. ஏராளமான நிலமும் காரும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள், வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

இவ்வளவும் நம் எல்லோருக்கும் தெரியும். டிசம்பர் வந்தால் பேசுகிறோம். ஆனால் பேச்சு டிசம்பரோடு முடிந்துவிடும். நாவல் அப்படியல்ல. மதுரையிலும் கோவையிலும், வயலையே பார்த்திராத ஒரு கல்லூரி மாணவன் வெண்மணியைத் தெரிந்துகொள்வது நாவல் மூலமாகத்தான். ஆகவே அந்த நாவல் என்ன காரணத்தைச் சொல்கிறது என்பது நமக்கு முக்கியம்.

டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்தவர்

முதல் புத்தகம் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1975ல் வெளிவந்தது. 1977ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. இதை ஆதாரமாக வைத்து 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்ற சினிமாவும் 1983ல் வந்தது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். சம்பவம் நடந்து ஏழு வருஷத்துக்குள், ஹைகோர்ட் தீர்ப்பின் ஈரம் காயும் முன்னே, இதை நாவலாக எழுதத் துணிந்தார் அவர். டில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் போதித்தவர். நம் கட்சிக்காரர் அல்ல. எழுதாமலே இருந்திருக்கலாம். எழுதினார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். பேச்சுக்குப் பேச்சு கூர்மையாக இருக்கிறது. அதிகாரிகளும் போலீஸும் பண்ணை வீட்டுத் திண்ணையில் எப்படிக் குழைகிறார்கள் என்பதை நன்றாகப் பிடித்திருக்கிறார். ஒரே இரவில் படித்து முடித்தேன்.

இனிக் குறை. டில்லியிலிருந்து வந்த கோபால், சிவா என்ற இரண்டு படித்த நண்பர்களின் கண் வழியாகவே கிராமத்தைப் பார்க்கிறோம். சேரி மக்கள் தூரத்தில் தெரிகிறார்கள். அவர்கள் வீட்டில் அன்றைக்கு என்ன உலை வைத்தார்கள், எத்தனை மரக்கால் நெல் வந்தது, அது எத்தனை நாளைக்குக் காணும் என்பதெல்லாம் தெரியவில்லை. கொடுமை செய்யும் கண்ணையா நாயுடுவின் உள்ளம் மட்டும் விஸ்தாரமாகத் திறந்து காட்டப்படுகிறது. அவர் ஆண்மைக் குறைவு உள்ளவர். அதை மறைக்கவே பெண்களையும் ஏழைகளையும் வதைக்கிறார் என்று கதை போகிறது.

தோழர்களே, இதை நான் ஏற்கவில்லை. மிராசுதாரின் உடம்பில் உள்ள கோளாறுதான் காரணம் என்றால், கெட்டிக்கார வைத்தியர் ஒருவர் இருந்திருந்தால் வெண்மணி நடந்திருக்காது என்று ஆகிறது! அன்று தீ வைக்க வந்தது ஒரு ஆள் அல்ல. வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 23 மிராசுதார்கள். அத்தனை பேருக்கும் அதே நோயா? (சிரிப்பு.)

காரணம் வயலில் இருந்தது. 1960களில் தஞ்சை ஜில்லாவில் தீவிர சாகுபடித் திட்டம் வந்தது. ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தது. உரம் வந்தது. ஒரு போகம் விளைந்த வயலில் இரண்டு போகம் எடுக்க முடிந்தது. களத்தில் நெல் உயர்ந்தது. அறுத்தவன் கூலி உயரவில்லை. கூடுதல் விளைச்சலில் ஒரு பங்கைத் தொழிலாளி கேட்டான். சங்கம் வைத்துக் கேட்டான். கேட்டவன் முன்னே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவன். இப்போது தோளில் போட்டுக்கொண்டு நின்றான். இதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. இந்தப் பொருளாதாரமும் இந்தச் சாதித் திமிரும் சேர்ந்த இடத்தில் பற்றிய தீ அது. 'குருதிப்புனல்' அந்த இடத்துக்குப் போகாமல் படுக்கையறைப் பக்கம் திரும்பிவிடுகிறது.

ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த நாவலைத் திட்டுகிற நம் தோழர்களில் பலர் அதைப் படித்ததில்லை. யாரோ திட்டியதைக் கேட்டுத் திட்டுகிறார்கள். அது சரியல்ல. படியுங்கள். படித்துவிட்டு, எந்த இடத்தில் தவறுகிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

வரப்பில் நின்று பார்த்தவர்

இரண்டாவது புத்தகம் சோலை சுந்தரபெருமாள் எழுதிய 'செந்நெல்'. 1999ல் வந்தது. எழுதியவர் திருவாரூர்ப் பகுதிக்காரர். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். 2021ல் காலமானார். வெண்மணி மக்களின் வாய்மொழி வரலாற்றையும் தொகுத்து வெளியிட்டவர்.

இந்த நாவலில் நுழைந்தவுடன் சேற்று வாசனை அடிக்கிறது. நாற்று பறிப்பதும், முடி போடுவதும், நடவுப் பாட்டும், களத்தில் நெல் அளப்பதும் நம் வீட்டுப் பேச்சிலேயே வருகின்றன. மற்ற ஜில்லாக்காரர்களுக்குச் சில வார்த்தைகள் புரியாமல் போகலாம். நம் பகுதிப் பெண்களிடம் வாசித்துக் காட்டினால் நிறுத்தச் சொல்லமாட்டார்கள். காரணத்தையும் சரியான இடத்தில் காட்டுகிறார். கூலி, கொடி, சாதி மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைப் படிப்படியாகக் காட்டுகிறார். 'குருதிப்புனல்' விட்டதை இது பிடித்துக்கொள்கிறது.

அப்படியானால் குறையே இல்லையா? இருக்கிறது. இளம் தோழர் காதைக் கொடுத்துக் கேட்கட்டும். வயலில் மனிதர்களாக நடமாடுகிறவர்கள், சங்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சில இடங்களில் நோட்டீஸ் மாதிரி பேசுகிறார்கள். நம்மவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை, பயமும் குறைவு. நிஜத்தில் அப்படியா? கொடியைப் பிடித்த வீட்டில், "நமக்கு எதுக்குய்யா இந்த வம்பு, புள்ளைங்க முகத்தைப் பாரு" என்று சொல்லும் மனைவி இருந்திருப்பாள். இரவெல்லாம் தூங்காமல் கிடந்து, விடிந்ததும் மறுபடி சங்கத்துக்குப் போனவன் இருந்திருப்பான். பயமே அறியாதவன் கொடி பிடித்தான் என்பதில் என்ன பெருமை? பயந்தவன் பிடித்தான் என்பதில்தான் பெருமை. அந்தப் பயத்தை இன்னும் எழுதியிருக்கலாம். நம் எழுத்தாளர்கள் எல்லோருக்குமே இதைச் சொல்கிறேன். தொழிலாளியை வீரனாக மட்டும் காட்டினால் அவனைப் பாதியாக்கிவிடுகிறீர்கள்.

இருந்தாலும் மூன்றில் எதை முதலில் படிப்பது என்று கேட்டால், நம் ஊர்க்காரர்களுக்கு 'செந்நெல்'லைத்தான் கொடுப்பேன்.

காகிதத்தை எடுத்துக் காட்டியவர்

மூன்றாவது, மீனா கந்தசாமி இங்கிலீஷில் எழுதி 2014ல் வந்த நாவல். தமிழில் 'குறத்தியம்மன்' என்ற பெயரில் கிடைக்கிறது.

இதைப் படிக்கப் பொறுமை வேண்டும். எழுதியவர் கதையைச் சொல்லாமல், கதையை எப்படிச் சொல்வது என்று நம்மோடு வாதாடிக்கொண்டே போகிறார். குறுக்கே வந்து கேலி செய்கிறார். இங்கிலீஷ் நாவல்கள் ஏராளமாகப் படித்தவர்களுக்கு இதில் ஒரு ருசி இருக்கலாம். வேலை முடிந்து வந்து அரிக்கேன் விளக்கிலோ பல்பு வெளிச்சத்திலோ புத்தகத்தைத் திறக்கிறவன் முதல் ஐம்பது பக்கத்திலேயே மூடிவிடக்கூடும். எனக்கே இரண்டு முறை கோபம் வந்தது.

ஆனால் மூடாதீர்கள். இந்தப் புத்தகம் செய்திருக்கும் ஒரு காரியத்தை மற்ற இரண்டும் செய்யவில்லை. மிராசுதார் சங்கத் தலைவர் மந்திரிக்கு எழுதும் மனு, அறிக்கை, பிணப் பட்டியல், விசாரணை என்று காகிதங்களை ஒவ்வொன்றாக நம் முன்னால் போடுகிறது. கொலைக்கு முன்னும் காகிதம், பின்னும் காகிதம். அரிவாளாலும் நெருப்பாலும் செய்த காரியத்தைப் பேனா எப்படிக் கழுவித் துடைக்கிறது என்று காட்டுகிறது. பட்டாவில் பெயர் இல்லாமல், ரேஷன் கார்டில் பெயர் தப்பாகி, ஆபீஸ் ஆபீஸாக அலைந்த நம் ஜனங்களுக்கு இது விளங்காமல் போகாது.

தீ எரியும் அத்தியாயத்தை முற்றுப்புள்ளி வைக்காமல் ஒரே வாக்கியமாக எழுதியிருக்கிறார். வித்தை என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கும்போது மூச்சு விட இடம் இல்லை. குடிசைக்குள் இருந்தவர்களுக்கும் இல்லை. அந்த அத்தியாயத்துக்காக மற்ற எல்லாக் கோபத்தையும் விட்டுவிடலாம்.

கடன் கணக்கைப் படித்த டாக்டர்

"பட்டவன் எழுதினால்தான் சரியாக இருக்கும், படித்தவன், வெளியூர்க்காரன் எழுதினால் இப்படித்தான்" என்று சிலர் சொல்வார்கள். அதற்குப் பதிலாக நான்காவது புத்தகத்தைக் காட்டுகிறேன்: 'எரியும் பனிக்காடு'. பி.எச். டேனியல் என்ற டாக்டர் இங்கிலீஷில் எழுதி 1969ல் வெளிவந்தது. இரா. முருகவேள் தமிழில் மொழிபெயர்த்து 2007ல் வந்தது. 'பரதேசி' என்ற சினிமாவை 2013ல் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அதற்கு ஆதாரம் இந்த நாவல்தான். சினிமாவைப் பார்த்தவர்களும் புத்தகத்தைப் படிக்க வேண்டும்; இரண்டும் ஒன்றல்ல.

டேனியல் கூலியாக வேலை செய்தவர் அல்ல. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்தவர். பிறகு தோட்டத் தொழிலாளருக்காகச் சங்கம் கட்டியவர். வைத்தியம் பார்க்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டவற்றை நாவலாக்கினார். திருநெல்வேலிச் சீமையில் பஞ்சத்தில் அடிபட்ட கருப்பன், வள்ளி என்ற இளம் தம்பதி, மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். அவ்வளவுதான். அந்த முன்பணம் அவர்களை விடுவதே இல்லை. கம்பளிக்குப் பிடித்தம், அரிசிக்குப் பிடித்தம், மேஸ்திரி கமிஷன் என்று வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன் கூடியிருக்கும். நடுவில் மலேரியா. ஓடினால் பிடித்து வந்து அடி.

அங்கே கொடியவர்கள் கொடியவர்களாக இருப்பதற்கு உடம்புக் கோளாறு எதையும் ஆசிரியர் தேடவில்லை. கணக்கு நோட்டைத் திறந்து காட்டுகிறார்; போதுமானதாக இருக்கிறது. பிற்பகுதியில் ஒரு நல்ல டாக்டர் வந்து நிலைமையை மாற்ற முயல்வது எனக்கு அவ்வளவு திருப்தியாக இல்லை. டாக்டர் எழுதிய கதையில் டாக்டர் நல்லவராகத்தானே இருப்பார்! (சிரிப்பு.) அதுவரை உள்ள பகுதிக்கு ஈடாகத் தமிழில் வெகு சில புத்தகங்களே உண்டு. பட்டவன்தான் எழுதவேண்டும் என்பதில்லை. பட்டவனின் கணக்கைப் பொறுமையாகக் கேட்டவன் எழுதலாம்.

நம் கரையில் ஏறிய கப்பல்கள்

அந்த மேஸ்திரி முன்பணத்தைப் படித்தபோது எனக்கு நம் காரைக்கால்தான் ஞாபகம் வந்தது. ஆனைமலைக்கு ஆள் பிடித்ததற்கு வெகு காலத்துக்கு முன்பே, இந்தக் கரையில் கடல் தாண்டுவதற்கு ஆள் பிடித்தார்கள்.

1848ல் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். ஐந்து வருஷ ஒப்பந்தம் என்று சொல்லி, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் ஏற்றினார்கள். ரீயூனியனுக்குப் போனார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள குவாதலூப்புக்கும் மர்த்தினிக்குக்கும் போனார்கள். 1854 டிசம்பரில் குவாதலூப்பில் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. 1861ல் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் சேர்க்க வழி திறந்தது. தஞ்சை ஜில்லாவின் பண்ணையாட்கள் நம் துறைமுகம் வழியாகப் போனார்கள். 1880களில்தான் அது நின்றது. குவாதலூப்பில் அந்தக் கூலிகளின் வழிவந்த ஹென்றி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சாவளியினருக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று 1904ல் போராட்டம் தொடங்கினார். 1923ல்தான் வெற்றி கிடைத்தது. பத்தொன்பது வருஷம்!

இதைக் காரைக்கால் பக்கமிருந்து சொல்லும் நாவல் எங்கே? பிரபஞ்சன் எழுதிய 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டும் சிறந்த நாவல்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆட்சியை மக்களும் நடமாடும் கதையாக ஆக்கினார். 'வானம் வசப்படும்' 1995ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. ஆனால் அது துபாஷி எழுதி வைத்த நாட்குறிப்பிலிருந்து பிறந்த கதை. கப்பலில் ஏறிய கூலி நாட்குறிப்பு எழுதவில்லை. அவனுக்காக யார் எழுதுவது?

இன்னும் கிட்டத்தில் வருவோம். 1952ல் சென்னை சர்க்கார் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு அந்தச் சட்டம் வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒன்று. வயல் ஒன்று, வாய்க்கால் ஒன்று, உறவு முறையும் ஒன்று. 1954 நவம்பர் 1ந் தேதி பிரெஞ்சு ஆட்சி கை மாறியது. அந்த இரண்டு வருஷத்தில் எல்லை ஓரத்துச் சேரிகளில் என்ன பேசிக்கொண்டார்கள்? அங்கே சட்டம் வந்துவிட்டது, இங்கே வரவில்லை என்று தெரிந்த பண்ணையாள் என்ன செய்தான்? எவ்வளவு பெரிய கதை இது! அந்தக் காலத்தை நேரில் பார்த்த கிழவர் கிழவிகள் இன்னும் சிலராவது உயிரோடு இருக்கிறார்கள். நாள் தள்ளினால் கேட்க ஆள் இருக்காது.

இன்றைய கதையும் இருக்கிறது. அறுவடை மிஷின் வயலில் இறங்கிவிட்டது. அரைப்படி கூடுதலாகக் கேட்க இன்று அறுப்பே இல்லை. அரிவாளைச் சொருகி வைத்துவிட்டு நூறு நாள் வேலைக்கும், டவுனில் வீட்டு வேலைக்கும் போகும் பெண்களை யார் எழுதியிருக்கிறார்கள்?

மூன்று வேலைகள்

ஆகவே இந்த ஊர்த் தோழர்களிடம் மூன்று வேலைகளைக் கேட்கிறேன்.

ஒன்று: இந்த நான்கு புத்தகங்களையும் வாங்கி வாசகசாலையில் வையுங்கள். நம்முடையது, பிறருடையது என்று அலமாரியைப் பிரிக்காதீர்கள். வாரம் ஒரு நாள் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். முதலில் 'செந்நெல்'. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் சொல்லும் விமர்சனம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

இரண்டு: படித்தவர் ஒரு நோட்டில் தன் கருத்தை எழுதி வைக்க வேண்டும். பிடித்தது ஏன், பிடிக்காதது ஏன் என்று எழுத வேண்டும். "நல்ல புத்தகம்" என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளக் கூடாது.

மூன்று: எண்பது வயது தாண்டியவர்களிடம் போய் உட்காருங்கள். கூலி எத்தனை மரக்கால், எந்த அளவால் அளந்தார்கள், யார் முதலில் எதிர்த்துப் பேசியது, பேசிவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். வீரத்தைக் கூட்டாதீர்கள், பயத்தைக் குறைக்காதீர்கள். நாவல் எழுதத் தெரிந்தவன் பின்னால் வருவான். அவன் வரும்போது அந்த நோட்டு இங்கே இருக்கவேண்டும்.

அடுத்த மாதம் நான் வரும்போது முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பேன்.